என்.எஃப்.1 நோயும் நரம்பு உறைப் புற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூரோஃபைப்ரோமாடோசிஸ் முதல் வகை, சுருக்கமாக என்.எஃப்.1, என்னும் மரபணு நோயுடன் பிறந்தவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் எழுதப்பட்ட பக்கம் இது. இந்நோயில் நரம்புகளின் மேல் வளரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் அவற்றில் சில, பல ஆண்டுகள் சாதுவாக இருந்துவிட்டுப் பிறகு புற்றாக மாறுகின்றன. கட்டிகளோடு வாழ்ந்து பழகியவர்கள் அந்த மாற்றத்தையும் வழக்கமானதாகவே எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் காலம் கடந்த பிறகு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அந்த மாதங்களை இழக்காமல் இருப்பதற்கு வேண்டிய செய்திகளையே இங்கே முக்கியமாகச் சொல்லியிருக்கிறோம்.

என்.எஃப்.1 என்பது என்ன நோய்?

நம் செல்களில் 17-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு நியூரோஃபைப்ரோமின் என்ற புரதத்தை உண்டாக்குகிறது. செல்லைப் பெருகச் சொல்லி முடுக்கும் ராஸ் என்ற இன்னொரு புரதத்தை, அதன் வேலை முடிந்ததும் அடக்கி வைப்பது நியூரோஃபைப்ரோமினின் பணி. ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு இருக்கும். அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாகியிருந்தால் என்.எஃப்.1 வருகிறது. ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பேராசிரியராக இருந்த ஃப்ரீட்ரிஷ் ஃபான் ரெக்லிங்ஹவுசன் 1882-இல் இதை விரிவாக விவரித்ததால், பழைய மருத்துவச் சீட்டுகளில் ரெக்லிங்ஹவுசன் நோய் என்றே எழுதியிருப்பார்கள். பழுதாகும் மரபணு எது என்பது 1990-இல்தான் தெரியவந்தது.

சுமார் 3,000 பேருக்கு ஒருவர் இந்நோயுடன் பிறக்கிறார். இந்தக் கணக்கைத் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்குப் பொருத்தினால் 20,000 பேருக்கு மேல் வரும். பால் கலந்த காப்பியின் நிறத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட தோல் திட்டுகள், அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிறு புள்ளிகள், கருவிழித்திரையில் லிஷ் முடிச்சுகள் எனப்படும் சிறு புடைப்புகள், தோலிலும் நரம்புகளிலும் கட்டிகள் ஆகியவை இதன் அடையாளங்கள். குழந்தையின் உடலில் இத்தகைய திட்டுகளைப் பார்த்து, மச்சம் என்று சொல்லி விட்டுவிட்ட குடும்பங்கள் ஏராளம்.

பெற்றோருக்கு இல்லாத நோய் பிள்ளைக்கு எப்படி வரும்? சொந்தத்தில் திருமணம் செய்ததுதான் காரணமா?

இல்லை. சொந்தத்தில் திருமணம் செய்வதால் வரக்கூடிய நோய்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர வேண்டும். என்.எஃப்.1 அப்படிப்பட்டதல்ல, ஒரே ஒரு பிரதி பழுதானாலே போதும். அத்தை மகனையோ மாமன் மகளையோ மணந்ததற்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. கர்ப்ப காலத்தில் கிரகணம் பார்த்ததற்கும், தாய் சாப்பிட்ட எதற்கும் தொடர்பு கிடையாது. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் பெற்றோர் இருவருமே நோயற்றவர்கள்; கருமுட்டையிலோ விந்தணுவிலோ தற்செயலாக நேர்ந்த மாற்றமே காரணம். பிள்ளைக்குத் திட்டும் கட்டியும் வந்ததற்காகப் பல தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் குற்றவுணர்வைச் சுமக்கிறார்கள். அதற்கு அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை.

உடல் முழுவதும் சிறு சிறு கட்டிகள் இருக்கின்றன. இவற்றில் எது வேண்டுமானாலும் புற்றாக மாறுமா?

மாறாது. கட்டிகளை வகை பிரித்துப் புரிந்துகொண்டால் தேவையற்ற அச்சத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

தோலின் மேல் மருக்களைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கும் மென்மையான கட்டிகள் தோல் நியூரோஃபைப்ரோமாக்கள். பருவ வயதுக்குப் பிறகு இவை ஒன்றிரண்டாகத் தொடங்கிச் சிலருக்கு நூற்றுக்கணக்கில் பெருகும். அரிப்பும் மனவேதனையும் தருமே தவிர, இவை புற்றாக மாறுவதில்லை.

கவனிக்க வேண்டியவை பின்னல் நியூரோஃபைப்ரோமாக்கள். மருத்துவர்கள் இவற்றை பிளெக்ஸிஃபார்ம் என்பார்கள். ஒரு பெரிய நரம்பையும் அதன் கிளைகளையும் நெடுகப் பற்றிக்கொண்டு வளரும் இவை, நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரையிலானவர்களுக்கு இருக்கின்றன. தோலுக்கு அடியில் இருப்பவற்றைத் தடவினால், சிக்கு விழுந்த நூற்கண்டைத் துணிப்பைக்குள் போட்டு வெளியிலிருந்து தொட்டுப் பார்ப்பது போல் இருக்கும். இடுப்புக்குழியிலும் முதுகெலும்பின் ஓரத்திலும் மார்புக்குள்ளும் ஆழத்தில் வளர்பவை கைக்கு அகப்படாது. ஸ்கேனில் மட்டுமே தெரியும். பெரும்பாலும் பிறவியிலேயே தொடங்கும் இக்கட்டிகள் குழந்தைப் பருவத்தில் வேகமாக வளர்ந்து, வயது வந்த பின் மெதுவாகவோ அறவே நின்றோ போகும். ஆகவே முப்பது வயதுக்காரரின் பின்னல் கட்டி திடீரென்று வளரத் தொடங்கினால் அதை வளர்ச்சிக் காலத்தின் இயல்பு என்று ஒதுக்க இடமில்லை.

அந்தப் புற்றுக்கு என்ன பெயர்? எத்தனை பேருக்கு, எந்த வயதில் வருகிறது?

புறநரம்புகளைச் சுற்றியுள்ள உறையின் செல்களிலிருந்து தோன்றுவதால் இதைப் புறநரம்பு உறைப் புற்று எனலாம். மருத்துவ அறிக்கைகளில் எம்.பி.என்.எஸ்.டி. என்ற எழுத்துகளில் இருக்கும். தசை, கொழுப்பு, நரம்பு உறை போன்ற மென்திசுக்களில் வரும் சர்கோமா என்ற புற்றுக் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

பொதுமக்களில் இது மிக அரிது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. என்.எஃப்.1 உள்ளவர்களுக்கோ வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு 100-க்கு 8 முதல் 13 வரை என்று பெரிய ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. இப்புற்று வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ பாதிப்பேர் என்.எஃப்.1 உள்ளவர்கள். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் வருகிறது, பதின்பருவத்திலும் வருவதுண்டு. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு இது வாழ்நாள் முழுதும் வருவதே இல்லை என்பதையும் இதோடு சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

சாதுவாக இருந்த கட்டி ஏன் மாறுகிறது?

பிறவியில் ஒரு பிரதி பழுதான ஒருவரின் நரம்பு உறைச் செல் ஒன்றில், மிச்சமிருந்த நல்ல பிரதியும் பழுதானால் அங்கே நியூரோஃபைப்ரோமா தொடங்குகிறது. இந்த இரண்டு பழுதுகள் மட்டும் புற்றுக்குப் போதாது. செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் சி.டி.கே.என்.2ஏ என்ற மரபணுவும் ஒரு பகுதியில் அழிந்தால், அந்தப் பகுதி அசாதாரண நியூரோஃபைப்ரோமா என்னும் இடைநிலைக்குப் போகிறது. இது இன்னும் புற்று அல்ல. ஆனால் புற்றின் வாசல். அதற்கு மேல் சஸ்12, ஈ.ஈ.டி. போன்ற மரபணுக்களும் செயலிழக்கும்போது முழுப் புற்றாகிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு செய்தி கிடைக்கிறது. மாற்றம் கட்டி முழுவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள பின்னல் கட்டியின் நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் மாறியிருக்கலாம். அடிபட்டதால் மாறிவிட்டது, தொட்டுத் தொட்டுப் பார்த்ததால் மாறிவிட்டது என்பதெல்லாம் உண்மையல்ல. அடிபட்ட இடத்தைக் கவனிக்கும்போதுதான் ஏற்கெனவே வளர்ந்திருந்த முடிச்சு பலருக்குக் கண்ணில் படுகிறது.

யாருக்கு ஆபத்து கூடுதல்?

உடலுக்குள் பின்னல் கட்டிகள் பெரிதாகவும் அதிகமாகவும் இருப்பவர்களுக்கு, முன்பே அசாதாரண நியூரோஃபைப்ரோமா கண்டறியப்பட்டவர்களுக்கு, குடும்பத்தில் என்.எஃப்.1 உள்ள வேறொருவருக்கு இப்புற்று வந்திருந்தால் அக்குடும்பத்தாருக்கு, முன்னர் வேறு காரணத்துக்காகக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஆபத்து கூடுதல். இன்னொரு பிரிவினரும் உண்டு. சிலருக்கு என்.எஃப்.1 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதற்குப் பதிலாக, அந்த மரபணு முழுவதும் பக்கத்து மரபணுக்களோடு சேர்ந்தே காணாமல் போயிருக்கும். அப்படிக் காணாமல் போகும் பக்கத்து மரபணுக்களில் மேலே சொன்ன சஸ்12-உம் ஒன்று. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் முழு மரபணு நீக்கம் அல்லது மைக்ரோடெலிஷன் என்று இருந்தால், கண்காணிப்பு நெருக்கமாக வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

எந்த அறிகுறியைக் கண்டால் உடனே போக வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்க வேண்டும்.

முதலாவதும் முக்கியமானதும் வலி. பின்னல் கட்டியில் தட்டினால், அழுத்தினால் சுரீரென்று வலிப்பது பலருக்குப் பழகியதுதான். ஆனால் தொடாமலே வலிக்கிறது, நாள் முழுவதும் வலிக்கிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, முன்பு கேட்ட மாத்திரைக்கு இப்போது கேட்பதில்லை என்றால் அது வேறு வகை வலி. இரண்டாவது, வளர்ச்சி: சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கட்டி கண்கூடாகப் பெரிதாவது. மூன்றாவது, தன்மை: மெத்தென்று இருந்த கட்டியில் ஓர் இடம் மட்டும் கல் போல் கெட்டிப்படுவது. நான்காவது, நரம்பின் வேலை கெடுவது: செருப்பு நழுவுவதே தெரியாமல் பாதம் மரத்துப்போவது, சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காதது, படியேறும்போது கால் தடுக்குவது, சிறுநீரோ மலமோ கட்டுக்கு அடங்காமல் போவது. இந்த நான்கில் ஒன்று புதிதாக வந்து நிலைத்திருந்தாலே போதும். நான்கும் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். தொடைக்குப் பின்னால் ஓடும் சயாடிக் நரம்பில் கட்டி மாறும்போது இடுப்பிலிருந்து கால்வரை வலி இழுக்கும். அது டிஸ்க் விலகலின் வலியைப் போலவே இருக்கும். முதுகுக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது, அல்லது யாருக்கும் இருக்கக்கூடிய சிறிய டிஸ்க் வீக்கம் இருக்கும். அதோடு விசாரணை நின்று, பிசியோதெரபியிலும் வலி மாத்திரையிலும் மாதங்கள் கழியும். முதுகு ஸ்கேன் இடுப்புக்குழியையும் தொடையையும் காட்டாது. என்.எஃப்.1 உள்ள ஒருவருக்குக் கால் வலி வந்தால், நரம்பு போகும் பாதை முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம். அவருக்கு உங்கள் நோய் தெரியாமல் இருக்கலாம். தோல் திட்டுகளைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

தைலம் தேய்த்து உருவிவிடுவது, பற்றுப் போடுவது ஆகியவற்றால் கட்டி கரையாது. வலி சற்றுத் தணிந்தது போல் தோன்றி நாள் கடந்துபோவதுதான் அவற்றின் கேடு.

மாற்றத்தைக் கவனிக்க வீட்டில் என்ன செய்யலாம்?

கைக்கு அகப்படும் பெரிய கட்டிகளுக்கு அருகில் ஸ்கேல் ஒன்றை வைத்து, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது உதவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். தினமும் அளப்பது பயத்தைத்தான் வளர்க்கும். வலி வந்தால் எந்தத் தேதியில் தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, எந்த மாத்திரைக்குக் கேட்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். கொஞ்ச நாளாக வலிக்கிறது என்பதைவிடப் பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்து, பங்குனியில் இரவுத் தூக்கம் போய்விட்டது என்பது மருத்துவரை உடனே செயல்பட வைக்கும்.

அறிகுறி எதுவும் இல்லை. ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நோயை அறிந்த மருத்துவர் உடலைச் சோதித்து, கேட்க வேண்டியதைக் கேட்பதே அடிப்படை. குழந்தைப் பருவம் முடிந்து பெரியவராகும் காலத்தில் ஒருமுறை முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுத்து, உள்ளே எங்கெங்கே எவ்வளவு கட்டி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. அந்தப் படம் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படையாக அமையும். உள்ளே ஒன்றும் இல்லாதவருக்கு அதன் பின் அறிகுறியைக் கவனித்தால் போதும்; பெரிய கட்டிகள் உள்ளவருக்கு எவ்வளவு இடைவெளியில் மறுபடி எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை என்பதால் இந்நோயில் அதுவே விரும்பத்தக்க ஸ்கேன்.

சந்தேகம் வந்தால் என்ன பரிசோதனைகள் செய்வார்கள்?

முதலில் அந்தப் பகுதிக்கு மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். கட்டியின் ஓரம் மங்கலாக இருக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா, உள்ளே அழுகிய திசு இருக்கிறதா, ஒரு முடிச்சு மட்டும் மற்றப் பகுதியிலிருந்து வேறுபட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனாலும் எம்.ஆர்.ஐ.யில் சாதுக்கட்டியும் புற்றும் ஒன்றுபோலவே தோன்றுவதுண்டு.

அடுத்தது பெட் ஸ்கேன். புற்றுச் செல்கள் சர்க்கரையை அதிகமாக உறிஞ்சும் என்பதை வைத்து, கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசி மூலம் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று பார்ப்பது இதன் முறை. காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரையைச் சோதித்த பின் ஊசி போட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனி அறையில் அசையாமல் படுக்கச் சொல்வார்கள். தசைகள் வேலை செய்தால் சர்க்கரை அங்கே போய்விடும் என்பதால் பேசுவதும் கைப்பேசி பார்ப்பதும்கூட வேண்டாம் என்பார்கள். சில மையங்களில் சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு படம் எடுப்பார்கள். சாதுக்கட்டியில் அதற்குள் சர்க்கரை குறையத் தொடங்கும், புற்றில் கூடும். அறிக்கையில், சர்க்கரை எவ்வளவு சேர்ந்தது என்பதைக் காட்டும் எஸ்.யு.வி. என்று ஓர் எண் இருக்கும். 3.5 என்ற அளவைப் பலர் எல்லையாகக் கொண்டாலும், அந்த எண் மட்டும் புற்று என்றோ புற்று இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லாது. சாதுக்கட்டிகளில் சிலவும் அதைத் தாண்டும். பெட் ஸ்கேனின் பெரிய பயன், எந்த முடிச்சிலிருந்து திசு எடுக்க வேண்டும் என்று இடத்தைச் சுட்டிக்காட்டுவது.

பயாப்ஸி செய்தால், ஊசி குத்தினால், புற்று பரவிவிடும் என்கிறார்களே?

ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பதே ஊசிப் பயாப்ஸி. சரியாகத் திட்டமிட்டுச் செய்தால் அதனால் நோய் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. அதைத் தவிர்த்தால் எந்தச் சிகிச்சை வேண்டும் என்றே தெரியாமல் போகும். ஆனால் யார் செய்கிறார், எங்கே குத்துகிறார் என்பதில் இந்தப் புற்றில் மிகுந்த கவனம் வேண்டும். ஸ்கேன் உதவியோடு, பெட் ஸ்கேனில் அதிகம் ஒளிர்ந்த பகுதியிலிருந்து, பல துணுக்குகள் எடுக்க வேண்டும். ஊசி நுழையும் வழி, பின்னர் அறுவை சிகிச்சையில் கட்டியோடு சேர்த்து நீக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும். ஆகவே பயாப்ஸியை, அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவின் திட்டப்படியே செய்வது நல்லது. நரம்பின் மேல் குத்துவதால் மின்சாரம் பாய்ந்தது போன்ற வலி வரும். மயக்க மருந்து தருவது பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

முதல் பயாப்ஸியில் புற்று இல்லை என்று வந்தும் வலியும் வளர்ச்சியும் நிற்கவில்லை என்றால், மாறிய முடிச்சுக்குப் பக்கத்திலிருந்து திசு எடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது மறுபடி எடுக்கச் சொல்வது நோயாளியின் உரிமை.

கொழுப்புக்கட்டிதான், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். எடுத்துக்கொள்ளலாமா?

தோலுக்கு மேலே நிற்கும் சிறு மருக்கள் என்றால் எடுத்துக்கொள்ளலாம். ஆழத்தில் உள்ள, வளரும், வலிக்கும் கட்டி என்றால், ஸ்கேனும் பயாப்ஸியும் இல்லாமல் யாரையும் கத்தி வைக்க அனுமதிக்காதீர்கள். புற்று என்று தெரியாமல் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் அதன் ஓரங்களில் புற்றுச் செல்கள் தங்கிவிடும். காயம் பட்ட இடம் முழுவதும் அவை சிதறியிருக்கலாம். பிறகு வரும் மருத்துவர் இன்னும் பெரிய பகுதியை நீக்க வேண்டியிருக்கும். முதல் அறுவை சிகிச்சை சரியாக அமைவதே இந்தப் புற்றில் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு; பின்னர் தரும் எந்த மருந்தும் அதற்கு ஈடாகாது.

நோய்க்கூறியல் அறிக்கையில் உள்ளதை எப்படிப் புரிந்துகொள்வது?

எடுத்த திசுவைச் சோதித்து எழுதும் இந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கட்டியின் தரம். குறைந்த தரம் மெதுவாகவும் உயர்ந்த தரம் வேகமாகவும் வளரும், என்.எஃப்.1 உள்ளவர்களுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை உயர்தரம். எச்3கே27 என்ற புரத அடையாளம் இழக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தால், அது புறநரம்பு உறைப் புற்று என்ற முடிவுக்கு வலுச் சேர்க்கும். ட்ரைட்டன் கட்டி என்றால் புற்றுக்குள் தசைச் செல்களின் தன்மையும் கலந்திருக்கிறது என்று பொருள். அது சற்று மூர்க்கமானது. அசாதாரண நியூரோஃபைப்ரோமா என்றால் இன்னும் புற்றாகவில்லை. நரம்புக்குப் பெரிய சேதமின்றி எடுக்க முடிந்தால் எடுத்துவிடலாம். இப்புற்றை அரிதாகவே பார்க்கும் ஆய்வகங்கள் குழம்ப இடமுண்டு என்பதால், திசுக் கட்டங்களை (எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்தவை) வாங்கி, சர்கோமாவை அதிகம் பார்க்கும் ஒரு மையத்தில் இரண்டாம் கருத்துப் பெறுவதை வலியுறுத்துகிறோம்.

அறுவை சிகிச்சையில் கை காலை எடுத்துவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. கட்டியைச் சுற்றி நல்ல திசுவும் ஓர் அடுக்கு சேர்ந்து வரும்படி அகலமாக வெட்டி நீக்குவதே நோக்கம். கை கால்களில் அதை உறுப்பைக் காத்தே செய்ய இன்று பெரும்பாலும் முடிகிறது. ஆனால் புற்று தோன்றிய நரம்பைக் காப்பாற்ற முடிவதில்லை. சயாடிக் நரம்பை நீக்கினால் பாதம் தொங்கிப்போகும், அடிப்பாதத்தில் உணர்ச்சி இருக்காது. கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி அணிந்து நடக்கப் பழகிக்கொள்ளலாம். உணர்ச்சியில்லாத பாதத்தில் முள் குத்தியதும் சூடு பட்டதும் தெரியாது என்பதால், சர்க்கரை நோயாளிகளைப் போலத் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தோள்பட்டைக்கு மேலுள்ள நரம்புப் பின்னலில் வந்தால் கையின் வேலை பெருமளவு போய்விடக்கூடும். எதை இழப்போம், எதைத் தக்கவைப்போம் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே விரிவாகக் கேட்டு, பிசியோதெரபி நிபுணரையும் பார்த்துவிடுவது நல்லது.

கதிர்வீச்சு வேண்டுமா? என்.எஃப்.1 உள்ளவர்களுக்கு அது ஆகாது என்று கேள்விப்பட்டோமே?

இரண்டும் உண்மை, வெவ்வேறு சூழலில். கரண்ட் வைப்பது என்று நம் மக்கள் சொல்லும் இச்சிகிச்சை, உயர்தரமான, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பெரிதான கட்டிகளில் அதே இடத்தில் நோய் திரும்புவதைக் குறைக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் கொடுப்பதென்றால் வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து வாரங்கள் தருவது வழக்கம். வாழ்நாளை நீட்டுகிறது என்பதற்கு அவ்வளவு உறுதியான சான்று கிடையாது. அதே கதிர்வீச்சு என்.எஃப்.1 உள்ளவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புதிய புற்றை உண்டாக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். பார்வை நரம்புக் கட்டிக்காகச் சிறு வயதில் கதிர்வீச்சு பெற்ற என்.எஃப்.1 நோயாளிகளிடம் இது தெளிவாகக் காணப்பட்டது. எனவே சாதுக்கட்டியைச் சுருக்கக் கதிர்வீச்சு கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான புற்று உறுதியான பின், பலனையும் கேட்டையும் எடைபோட்டுக் கொடுக்கலாம்.

கீமோ பலன் தருமா?

ஓரளவுக்கு. டாக்சோரூபிசின், ஐஃபாஸ்ஃபமைட் ஆகிய இரண்டும் பொதுவாகத் தரப்படும் மருந்துகள். எடுக்க முடியாத பெரிய கட்டியை அறுவை சிகிச்சைக்கு ஏற்றபடி சுருக்கவும், நுரையீரலுக்குப் பரவிய நோயைக் கட்டுப்படுத்தவும் இவை பயன்படுகின்றன. கட்டி மறைவதைவிட, சில காலம் வளராமல் நிற்பதே அதிகம் பேருக்குக் கிடைக்கும் பலன். டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கும் என்பதால் தொடங்குமுன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். இளவயதினர் கருவுறும் ஆற்றலைப் பாதுகாப்பது பற்றி, விந்தணுவையோ கருமுட்டையையோ உறைநிலையில் சேமிப்பது உட்பட, கீமோ தொடங்கும் முன்பே பேச வேண்டும். கூச்சத்தால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டால் பிறகு வாய்ப்பு அமையாது.

செலுமெட்டினிப் என்ற புதிய மாத்திரை இந்தப் புற்றைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. செலுமெட்டினிப் 2020-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது, அறுவை சிகிச்சையால் நீக்க முடியாத, தொந்தரவு தரும் பின்னல் நியூரோஃபைப்ரோமா உள்ள குழந்தைகளுக்காக. அதன் பரிசோதனையில் ஏறத்தாழ பத்துக் குழந்தைகளில் ஏழு பேருக்குக் கட்டியின் கன அளவு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சுருங்கியது. மிர்டாமெட்டினிப் என்ற இன்னொரு மாத்திரை 2025-இல் பெரியவர்களுக்கும் சேர்த்து அங்கே அங்கீகாரம் பெற்றது. இவை உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் இவை சாதுக்கட்டிக்கான மருந்துகள். புற்றாக மாறிவிட்ட கட்டியில் தனியே பயன்படுவதில்லை. இம்மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு மற்றக் கட்டிகள் சுருங்க, ஒன்று மட்டும் வளர்ந்தாலோ வலித்தாலோ அதை உடனே சந்தேகிக்க வேண்டும்.

குணமாகுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

பரவுவதற்கு முன் கண்டறிந்து, ஓரங்களில் புற்று மிஞ்சாமல் முழுவதும் எடுக்க முடிந்தவர்களில் கணிசமானோர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். கட்டி பெரிதாகி, உயர்தரமாகி, நுரையீரலுக்குப் பரவிய பின் வருபவர்களுக்கு இன்றைய மருத்துவத்தால் குணம் தருவது கடினம். எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருப்போர் 100-க்கு 20 முதல் 50 வரை என்று வெவ்வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. எண்கள் இவ்வளவு விலகியிருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், எந்தக் கட்டத்தில் சிகிச்சை தொடங்கியது என்பது. ஒரு தனி மனிதருக்கு இந்த எண்கள் எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. நோய் முற்றிய நிலையிலும் வலியைக் கட்டுப்படுத்த மார்ஃபின் உள்ளிட்ட நல்ல மருந்துகள் உண்டு; வலி நிவாரணப் பராமரிப்புக் குழுவைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்வது நம்பிக்கையைக் கைவிட்டதற்கு அடையாளம் அல்ல.

சிகிச்சை முடிந்த பிறகு?

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை கட்டி இருந்த இடத்துக்கு எம்.ஆர்.ஐ.யும் மார்புக்கு சி.டி.யும் எடுப்பார்கள், பிறகு இடைவெளி கூடும். என்.எஃப்.1 உள்ளவருக்கு வேறொரு கட்டியிலும் புதிதாகப் புற்று தோன்றக்கூடும் என்பதால் கண்காணிப்பு ஒரே இடத்தோடு நிற்கக் கூடாது. இந்நோய் உள்ள பெண்களுக்கு ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்று வரும் வாய்ப்பும் அதிகம். முப்பது வயதிலிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம்மிடையே இதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு.

எனக்கு என்.எஃப்.1 இருக்கிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெற்றுக்கொள்ளலாம், முடிவு உங்களுடையது. ஒவ்வொரு கருவுக்கும் நோய் கடக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. கடந்தாலும் எவ்வளவு தீவிரமாக இருக்கும் என்று கருவிலேயே சொல்ல முடியாது. ஒரே குடும்பத்தில் தந்தைக்குத் தோல் திட்டுகள் மட்டும் இருக்க, மகளுக்குப் பெரிய பின்னல் கட்டி இருப்பதுண்டு. உங்கள் மரபணு மாற்றம் எது என்று முன்பே தெரிந்திருந்தால், கருவிலோ, சோதனைக்குழாய் முறையில் கரு உருவான கட்டத்திலோ பரிசோதிக்க முடியும். அதற்கு நேரம் வேண்டும் என்பதால் கருவுறுமுன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் கட்டிகள் சற்றுப் பெரிதாவது பலருக்கு நேரும். அந்தக் காலத்திலும் தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால், கர்ப்பம்தான் காரணம் என்று விட்டுவிடாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள்.

எந்த மருத்துவமனைக்குப் போவது? என்ன கொண்டு போக வேண்டும்?

சர்கோமாவுக்கு என்று அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ, நோய்க்கூறியல், கதிர்ப்பட மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் குழு உள்ள இடத்துக்குப் போக வேண்டும். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய மையங்கள் அத்தகையவை. இலங்கையில் மஹரகமவில் உள்ள அபேக்ஷா மருத்துவமனை அரசின் முதன்மைப் புற்றுநோய் மையம். தொலைவு கருதித் தயங்குபவர்கள், முடிவெடுப்பதும் அறுவை சிகிச்சையும் பெரிய மையத்தில் நடக்க, கீமோவையும் கண்காணிப்பையும் ஊருக்கு அருகில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். பல மையங்கள் இதற்கு ஒத்துழைக்கின்றன. தமிழ்நாட்டில் குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை முதல் நாளே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: பழைய ஸ்கேன்களின் குறுந்தகடுகள் (அறிக்கைத் தாள் மட்டும் போதாது), முன்பு எந்தக் கட்டியையாவது எடுத்திருந்தால் அதன் திசுக் கட்டமும் கண்ணாடிச் சில்லுகளும், மரபணு அறிக்கை இருந்தால் அது, வலியைக் குறித்துவைத்த நோட்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் அந்த முடிச்சு இருந்ததா, இருந்தால் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைத்தான் மருத்துவர் முதலில் தேடுவார்.